வரலாற்று உடை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். என் சர்க்கரை மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கோர்ட்டில் நீதிபதிகளும் கேட்பதில்லை என்பதால் பெரிய வருத்தம் இல்லை. உன் முதுகுவலி தேவலையா? ஊரார் முட்டியையெல்லாம் மடக்கி நீட்டிச் சரிசெய்கிற பிசியோதெரபிஸ்டுக்கே முதுகுவலி என்று இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நல்ல செய்தி ஒன்று. வரும் ஆகஸ்டில் அப்பா குளத்தில் குதித்து ஐம்பது வருடம் ஆகிறது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் விழா மலருக்காக இப்போதுதான் எழுதி முடித்தேன், கை நிற்கவில்லை. நகராட்சி நீச்சல் குளத்தின் வாசலில், ‘பணிமனைக் குடியிருப்பினருக்கு அனுமதி இல்லை’ என்று பலகை. அப்பாவும் பஸ் பணிமனை மெக்கானிக்குகளும் ஷிப்ட் முடிந்த கையோடு, கிரீஸ் படிந்த நீல ஓவராலோடு, வரிசையாகப் போய்த் தண்ணீரில் குதித்தார்கள். பதினோரு வயதுப் பெண்ணான நீ, யாரும் கூப்பிடாமலே, கவுனோடு அப்பாவின் பின்னால் குதித்தாய்.

மறுநாள் குளத்துத் தண்ணீரை முழுக்க வெளியேற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். இந்த ஊரின் வரலாற்றில் அதைவிடக் கேவலமான நாள் கிடையாது. அப்பா என்னைத் தோளில் தூக்கி வேலிக்கு மேலாகக் காட்டினார். எனக்கு ஐந்து வயது. "தண்ணி என்னப்பா பண்ணுச்சு?" என்று கேட்டேனாம். ஆண்டுதோறும் என் உரையில் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். எங்கள் நினைவுக் குழுத் தலைவர் (பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் ‘மைக்’ என்பார்கள்) கைக்குட்டையை எடுப்பார்.

இன்று அதே குளம் நம் சமத்துவ நினைவுக் குழுவின் நிர்வாகத்தில் இருக்கிறது. நான் செயலாளர். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் உறுப்பினர்கள் உடுத்திய உடையோடு குதிக்கிறோம். அன்று குதித்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நீ ஒருத்திதான். இந்த முறை நீதான் சிறப்பு விருந்தினர். மறுக்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சமத்துவ வாழ்த்துகளுடன்,
தம்பி


ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசிகள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். பிறகு, போன் என்றால் நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்காது, கடிதமே மேல் என்று பட்டது. முதுகுவலி தேவலை. அத்தான் உன்னை மிகவும் விசாரித்தார். சர்க்கரைக்கு இரவுச் சோற்றை நிறுத்தச் சொன்னார்.

விழாவுக்கு வருவதைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். அறுபத்தொரு வயதில் குதிப்பது சுலபம். மேலே ஏறுவதுதான் பாடு.

உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. நம் ஊருக்கு ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். தையற்காரி. அச்சாபீசுக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு மிதி மெஷின், அவ்வளவுதான் குடித்தனம். பஸ் படியிலிருந்து விழுந்து வலது முட்டியில் ஆபரேஷன். இங்கே நான்தான் பயிற்சி கொடுத்தேன். முட்டி பாதிதான் மடங்குகிறது. மடங்கினால்தான் மெஷினை மிதிக்கலாம், மிதித்தால்தான் சாப்பாடு. தரையில் நடந்தால் வலியில் காலை இறுக்கிக்கொள்கிறாள். தண்ணீருக்குள் இடுப்பளவில் தினம் கால்மணி நேரம் நடந்தால் போதும், கால் தானாக இளகும். நம் ஊரில் உள்ள ஒரே குளம் உன் பொறுப்பில் இருப்பது அவள் அதிர்ஷ்டம்.

ஆற்றுக்கு அக்கரைப் பெண். அவர்கள் வழக்கப்படி தலையிலிருந்து கணுக்கால் வரை மூடித்தான் உடுத்துவாள். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். எனக்கு ரொம்ப வேண்டியவள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரவுச் சோற்றை நிறுத்தினேன். சர்க்கரை குறையவில்லை, கோபம் கூடியிருக்கிறது.

நீ எழுதிய பெண் விஷயமாக நானே நேரில் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மேல் எனக்கு என்ன நினைப்பு என்று உனக்குத் தெரியும். என் ஜூனியர்களில் ஒருவன் அக்கரைக்காரன்தான். தங்கமான பையன், டீ வாங்கி வருவதெல்லாம் அவன்தான். உன் கல்யாண மேடையிலேயே நான் முக்கால்மணி நேரம் சமத்துவம் பேசினேன். அக்கரைக்காரருக்கு அக்காவையே கொடுத்த வீடு நம் வீடு.

நான் போனபோது அந்தம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு குளத்து வாசலில் நின்றிருந்தாள். எங்கோ பார்த்த முகமாக இருந்தது. ஏதாவது வழக்கில் பார்த்திருப்பேன். குளத்துக் காவலாளி, ‘விசில்’ என்று கூப்பிடுவோம், விதியைச் சொல்லித் தடுத்திருக்கிறான். சென்ற ஆண்டுதான் அந்த விதியைப் போட்டோம்: குளத்தில் நீச்சல் உடை கட்டாயம். "நீச்சல் டிரஸ் இல்லாம நீந்த முடியாதும்மா" என்றிருக்கிறான். அதற்கு அவள், "நான் நீந்த வரல. நடக்க வந்தேன்" என்றாளாம். குளத்தில் நடப்பதற்கு எங்களிடம் விதி எதுவும் இல்லை. இல்லாத விதியின் கீழ் அனுமதி தருவது சட்டப்படி சிக்கல்.

இதன் பின்னால் இருக்கிற கொள்கையை நீ புரிந்துகொள்வாய். அது பெண்களின் விடுதலைக்காகப் போட்ட விதி. ஒரு பெண்ணை இப்படி மூடி வைக்கிற வழக்கத்துக்கு நம் குளம் துணைபோகலாமா? நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, உடையைத்தான் தடுக்கிறோம். உடையை வெளியே விட்டுவிட்டு அவள் தாராளமாக உள்ளே வரலாம்.

இதை அவளிடம் பக்குவமாகவே எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கம்பை ஊன்றித் திரும்பிப் போய்விட்டாள். விடுதலையை ஏற்றுக்கொள்ளச் சிலருக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

சமத்துவ வாழ்த்துகளுடன்,
தம்பி


பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அத்தான் உன்னை விசாரித்தார். போன கடிதத்திலும் விசாரித்திருந்தார், உனக்கு எழுத இடம் இருந்திருக்காது.

அவளுக்கு விடுதலைக்குக் காலம் இருக்கலாம், முட்டிக்கு இல்லை. ஆபரேஷனுக்குப் பின் எட்டொன்பது மாதத்துக்குள் மடக்கிப் பழக்காவிட்டால் உள்ளே சதை ஒட்டி, அப்படியே நின்றுவிடும். பிறகு நான் மட்டுமல்ல, யாருமே ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மாதம் ஏற்கனவே போய்விட்டது.

ஒரு வழி சொல்கிறேன். காலையில் குளம் திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்று ஒதுக்கு. அவள் வந்து நடந்துவிட்டுப் போய்விடுவாள். யார் கண்ணிலும் படமாட்டாள்.

ஒரு சந்தேகம். அப்பா அன்றைக்கு என்ன உடையில் குதித்தார்?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். உன் யோசனையை நான் மட்டும் முடிவு செய்வது ஜனநாயகம் ஆகாது என்று குழுவில் வைத்தேன். முதல் கூட்டத்தில் தலைவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் பேசாத கூட்டம் செல்லாது என்று அவரே எழுதிக் காட்டினார். இரண்டாம் கூட்டத்தில்தான் விவாதம் நடந்தது.

உன் யோசனை உருக்கமானது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தனி நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் பள்ளித் தலைமையாசிரியை எழுந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். "தனி வாசல், தனி நேரம், தனி டம்ளர்னு ஒதுக்கி வச்சதை எதிர்த்துத்தானே உங்கப்பா குதிச்சாரு? அதே குளத்துல ஒருத்தரை ஒதுக்கி வைக்கறதா?" என்றார். அக்கா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தனி நேரம் கொடுப்பது அந்தப் பெண்ணையே அவமதிப்பது. அப்பாவின் பெயரால் நாங்கள் ஒருபோதும் அவளை ஒதுக்கமாட்டோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆகவே அவள் எல்லாரோடும் சேர்ந்துதான் வர வேண்டும். எல்லாரோடும் சேர்ந்து வர, உடை விதி இடம் தராது. இரண்டுமே அவள் நன்மைக்கான விதிகள் என்பதால் எதைத் தளர்த்துவது என்று தெரியவில்லை.

அப்பாவின் உடை பற்றிக் கேட்டிருந்தாய். அது போராட்டம். இது குளியல். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருந்ததாகத் தோன்றியது. முதுகுவலியில் எழுதியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் தம்பி பெண்டாட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி


ஏப்ரல் 12

அன்புத் தம்பிக்கு,

நலம். அத்தானும் நலம். நீ கேட்கவில்லை என்றாலும் எழுதிவைக்கிறேன்.

நீச்சல் உடைத் துணி இரண்டு மீட்டர் அவளுக்கு அனுப்பினேன். கடையில் விற்கிற நீச்சல் உடைக்குப் போடுகிற அதே துணி. தலை, கை, கால் எல்லாம் மூடுகிற மாதிரி அவளே தைத்துக்கொண்டாள். இடது காலால் மிதித்திருக்கிறாள். வெட்டித் தைத்ததில் மிச்சத் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். நனைத்துப் பார், கசக்கிப் பார், உன் குழுவுக்கும் காட்டு. நீச்சல் உடை கட்டாயம் என்பதுதானே விதி. இது நீச்சல் உடை.

நாள் போய்க்கொண்டிருக்கிறது.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கோடை கடுமை. கோர்ட்டுக்கு விடுமுறை என்றாலும் குழுவுக்கு விடுமுறை இல்லை.

துணித் துண்டைக் குழுவில் சுற்றுக்கு விட்டேன். பல் டாக்டர் அதைத் தண்ணீர் டம்ளரில் முக்கிப் பார்த்தார். சாயம் போகவில்லை. நீச்சல் துணிதான் என்று பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள். அந்த அளவில் உனக்கு வெற்றி.

அதன்பின் விவாதம் இன்னும் ஆழமான இடத்துக்குப் போனது. குளத்துக்கு வருகிற மற்றவர்களுக்கும் உரிமை உண்டல்லவா? அப்படி மூடிய உருவம் பக்கத்தில் நடந்தால் சிலருக்கு மனம் சங்கடப்படுகிறது. சங்கடப்படாமல் குளிப்பதும் ஓர் உரிமை. பல் டாக்டர் சொன்னது எல்லாரையும் யோசிக்க வைத்தது: "நாம காலங்காலமா அவமானப்பட்டவங்க. இப்பத்தான் நிம்மதியா குளிக்கறோம். அதையும் கெடுத்தா எப்படி? அக்கரைக்காரங்க அன்னிக்கி இங்க வந்து குதிச்சாங்களா?" குதிக்கவில்லை என்பது உண்மைதானே. அவர்கள் அப்போது இங்கே குடிவரவில்லை என்று என் ஜூனியர் குறுக்கே சொன்னான். அவன் உறுப்பினர் இல்லை என்பதை நினைவூட்டி, டீ வாங்க அனுப்பினேன். விஷயத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விடலாம் என்று முடிவு. வாக்கெடுப்பு விழாவுக்குப் பிறகு.

இனி நல்ல செய்திகள். பொன்விழா என்பதால் எல்லாரும் அப்பா காலத்து நீல ஓவரால் அணிந்து குதிக்கப்போகிறோம். உடை விதி இடிக்கிறதே என்று விசில் கேட்டான். அவனும் சில சமயம் யோசிக்கிறான். ஆகவே விலக்குத் தீர்மானம் ஒன்று நானே எழுதினேன். ‘விழா நாளன்று பணிமனை நீல ஓவரால் வரலாற்று உடையாகக் கருதப்படும். அதை அணிந்த எவரும் வேறு நிபந்தனை எதுவுமின்றிக் குளத்தில் இறங்கலாம்.’ ‘எவரும்’ என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். அப்பாவுக்குப் பிடித்த சொல். தீர்மானத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியாகிவிட்டது.

இன்னொன்று, இதைக் கேட்டால் நீ சந்தோஷப்படுவாய். ஓவரால்கள் தைக்கிற வேலையை யாருக்குக் கொடுத்தோம் தெரியுமா? உன் தையற்காரிக்குத்தான். அவள் சொன்ன கூலிதான் குறைவு. ஆனால் அதற்காக மட்டும் இல்லை. யார் எந்தக் கரை என்று பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்று காட்ட வேண்டாமா? தலைவர் தன் உரையில் இதைக் குறிப்பிடப்போகிறார்.

உன் வருகையை இப்போதாவது உறுதிப்படுத்து.

சமத்துவ வாழ்த்துகளுடன்,
தம்பி


ஜூன் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். அத்தான் விசாரித்தார்.

வருகிறேன். உன் தீர்மானத்தை இரண்டு முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். ஒரு சொல்லைக்கூட மாற்றாதே.

என் ஓவராலுக்கு அளவு அவளிடமே சொல்லிவிட்டேன். உன் வீட்டில் தங்கச் சொல்வாய். வேண்டாம், உன் பெண்டாட்டிக்குச் சிரமம். எனக்கு அச்சாபீஸ் பக்கம் இடம் இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. காரணத்தை நீ அறிவாய்.

என்ன நடந்தது என்று நீ ஒரு பக்கமாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாண்டு வாத்தியம் வாசித்து முடிந்தது. நான் மைக் முன்னால் நின்றேன். ‘தண்ணி என்னப்பா பண்ணுச்சு’ என்று சொல்லி, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். தலைவர் கைக்குட்டையை எடுத்தார். அந்த அமைதியில்தான் நீ அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து வாசல் வழியாகக் கூட்டி வந்தாய். இரண்டு பேரும் நீல ஓவரால். அவள் தலையிலும் அதே நீலத் துணி. விசில் வாயில் விசிலை வைத்துவிட்டான். வாசலில் மாட்டியிருந்த தீர்மானத்தைப் பார்த்தான். விசிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஓவரால்தான் சார்" என்றான். சட்டப்படி அவன் சொன்னது சரி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு எல்லாரும் குதித்தார்கள். நீங்கள் இருவரும் ஏணியைப் பிடித்து இறங்கினீர்கள். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை என்பதை நீயே சாட்சி சொல்வாய். பல் டாக்டர் காதில் தண்ணீர் போய்விட்டது என்று முதலில் ஏறினார். தலைமையாசிரியைக்கு வீட்டில் அடுப்பு ஞாபகம் வந்தது. அப்புறம் ஒவ்வொருவராக. வெளியேறுகிற உரிமையும் உரிமைதான் அக்கா, அதை நான் எந்தக் கோர்ட்டிலும் வாதாடுவேன். கடைசியில் அவ்வளவு பெரிய குளத்தில் நீங்கள் இரண்டு பேர். பாண்டுக்காரர்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் ஓவராலில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையில் நிற்க, நீ ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி, "முட்டிய மடக்கு. இன்னும் கொஞ்சம். வலிச்சா சொல்லு, நிறுத்தாத" என்று அவளைக் குறுக்கும் நெடுக்கும் நடத்திக்கொண்டிருந்தாய். ஒரு சிறப்பு விருந்தினர் செய்கிற காரியமா?

நடுவில் என்னைப் பார்த்து, மைக்கில் கேட்கிற அளவுக்கு, "டேய், இறங்குடா. தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றாய். நான் இறங்கத் தயாராகத்தான் நின்றேன். செயலாளர் என்ற முறையில் கரையில் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். உன் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று நான் வாதாடி நிறுத்தினேன். உறுப்பினர்களின் மனநிலையையும் சுகாதாரத்தையும் முன்னிட்டு, தண்ணீரை மட்டும் முழுவதுமாக மாற்றுவதென்று முடிவானது. முழுக்க முழுக்க மருத்துவக் காரணம். பல் டாக்டரே சொன்னார். மறுநாள் பம்பு வைத்து இறைத்து, சுவரையும் தரையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினார்கள். நான் நேரில் நின்று பார்த்தேன். வேலிக்கு வெளியே அக்கரைக் கூட்டம் கொஞ்சம் வேடிக்கை பார்த்தது. ஓர் ஆள் தன் பெண்ணைத் தோளில் தூக்கிவைத்திருந்தான். அவள் எங்களைக் கையால் காட்டி அவனிடம் ஏதோ கேட்டாள். பம்பு சத்தத்தில் என் காதில் விழவில்லை.

எல்லாருக்கும் ஏற்ற கொள்கை உருவாகும்வரை குளத்தை நிரப்புவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். இப்போது எவருக்கும் அனுமதி இல்லை. அப்பா கனவு கண்ட முழுச் சமத்துவம் இதுதான் என்று தலைவர் சொன்னார். நல்ல கைதட்டல்.

உன் நன்மையை நாடும்,
தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு,

நான் நலம்.

தண்ணீரை இறைத்ததைப் பற்றி நீ எழுதிய பத்தியை அப்படியே வைத்துவிட்டு, உன் விழா மலரில் அப்பாவின் மறுநாளைப் பற்றி எழுதிய பக்கத்தை எடுத்துப் பார். இரண்டும் உன் கையெழுத்துதான். தோளில் இருந்த அந்தச் சிறுமி என்ன கேட்டாள் என்று பம்பு சத்தத்தில் விழவில்லை என்கிறாய். பம்பு அன்றைக்கும் ஓடியது. அப்பாவுக்குக் கேட்டது.

தையற்காரியை எங்கோ பார்த்த முகம் என்று எழுதியிருந்தாய். என் கல்யாணத்தில் பார்த்த முகம். பந்தியில் உனக்கு இலை போட்ட பெண். அத்தானின் கடைசித் தங்கை, என் நாத்தனார். முக்கால்மணி நேரம் நீ மேடையில் பேசியபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள். அத்தானுக்கு உள்ள அதே மூக்கு. நீ அடையாளம் கண்டிருப்பாய் என்றே அவள் நினைக்கிறாள். நானும்தான்.

முதலிலேயே சொல்லியிருந்தால் சேர்த்திருப்பாய், தெரியும். எனக்காகச் சேர்த்திருப்பாய். அவளுக்கு உரிமை இருப்பதால் சேர்ப்பது வேறு, அக்கா முகத்துக்காகச் சேர்ப்பது வேறு. இந்த வித்தியாசத்தை அந்த மேடையில்தான் நீ விளக்கினாய். நான் அதை நம்பிக் கடிதம் எழுதினேன். என் தப்பு என்றால் அதுதான்.

அன்று ஒரு நாள் தண்ணீரில் நடந்ததில் அவள் முட்டி, இந்த ஆண்டு முழுவதும் மடங்காத அளவு மடங்கியது. தொடர்ந்து ஒரு மாதம் கிடைத்திருந்தால் போதும். அவளை இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று அழைத்தேன். கடைக்காரர்களிடம் வாங்கிய துணிகளைத் தைத்துக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறாள். அங்கேயே இருக்கிறாள். நீ நடந்து போகிற தூரம்தான்.

அத்தான் உன்னை விசாரிக்கவில்லை. எழுதும் முன் நான் கேட்டும் பார்த்தேன்.

அக்கா


டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன்னிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. போனையும் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை அதிகமாக இருக்கும். போன கடிதத்தில் நீ எழுதிய சிலவற்றுக்கு என்னிடம் தக்க பதில் இருக்கிறது. குடும்பத்துக்குள் வாதாடுவது வழக்கம் இல்லை என்பதால் எழுதவில்லை. உறவுமுறை என்று தெரிந்தபின் ஒரு நாள் அச்சாபீஸ் தெரு வரை நடந்து போனேன். மெஷின் சத்தம் எதுவும் கேட்கவில்லை, தூங்குகிறாள் போலிருக்கிறது என்று திரும்பிவிட்டேன்.

குளம் காலியாகத்தான் இருக்கிறது. கொள்கை வகுக்க ஒரு துணைக்குழு போட்டிருக்கிறோம். மழைத் தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் தேங்கியது, விசிலைவிட்டுத் துடைத்துவிட்டோம்.

ஐம்பத்தோராம் ஆண்டு விழாவுக்கு இப்போதே வேலை தொடங்கியாகிவிட்டது. தண்ணீர் இல்லாததால் குதிக்க முடியாது. ஆகவே ஓவரால் அணிந்து, வரிசையாக ஏணி வழியாக உள்ளே இறங்கி, தரையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு ஏறுவதாக ஏற்பாடு. மூத்த உறுப்பினர்களுக்கு அது பாதுகாப்பும்கூட. என் உரை வழக்கம்போல் உண்டு.

ஒரு சிறு சிக்கல். போன முறை ஓவராலோடு கரையில் நின்றே காய்ந்ததில் துணி சுருங்கிவிட்டது. பலருக்கு இறுக்கிப் பிடிக்கிறது. பிரித்துத் தைக்க வேண்டும். உன் நாத்தனாரிடம் ஆள் அனுப்பினேன், அதுவும் மரியாதையாக. கால் மடங்குவதே இல்லை, மெஷினை விற்றாகிவிட்டது, வாங்கினவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வேலை கொடுத்து ஆதரித்தவர்களிடம் இப்படிப் பேசுவது எனக்கு வருத்தம்தான். ஆனால் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

உனக்குத் தெரிந்து நல்ல தையற்காரர் வேறு யாராவது இருந்தால் எழுது. எந்தக் கரையாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் நாங்கள் பேதம் பார்ப்பதில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

சமத்துவ வாழ்த்துகளுடன்,
தம்பி